403 மறுப்பு வந்தால்: இணையச் சேவையகத்தில் கோப்பு அனுமதியையும் குழுவையும் சரிபார்த்தல்

யாழ்ப்பாணத்தில் ஒரு சனசமூக நிலையத்துக்கோ பழைய மாணவர் சங்கத்துக்கோ இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் இளையோர், கோப்புகளெல்லாம் உரிய இடத்தில் இருந்தும் 403 என்ற மறுப்பு வந்தால், 777 என்று எல்லோருக்கும் எல்லா அனுமதியையும் கொடுத்துவிடக் கூடாது. அப்படிக் கொடுத்தால், அந்தச் சேவையகத்திலுள்ள எந்தப் பயனரும் உங்கள் தளத்தின் கோப்புகளை மாற்றலாம், அழிக்கலாம். உண்மைக் காரணமும் மறைந்துவிடும்.

முதலில், பக்கங்களை வழங்கும் சேவையக மென்பொருளான அப்பாச்சியின் பிழைப்பதிவைத் திறந்து பாருங்கள். அதில் 13 என்ற எண்ணுடன் ‘பெர்மிஷன் டினைட்’ என்றிருந்தால் சிக்கல் அனுமதியில்தான் உள்ளது. முகப்புக் கோப்பே இல்லாதபோதும் 403 வரலாம் என்பதால், இந்தப் படியைத் தவிர்க்க வேண்டாம்.

அடுத்து, சேவையகம் எந்தப் பயனரின் பெயரில் இயங்குகிறது என்பதை, இயங்கும் செயல்முறைகளைக் காட்டும் ‘பிஎஸ்’ கட்டளையால் அறியுங்கள். லினக்ஸ் வகைகளில் உபுண்டுவில் அது ‘டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா’, பெடோராவில் ‘அப்பாச்சி’. தாய்ச் செயல்முறை முதன்மை நிருவாகியான ‘ரூட்’ பெயரில் தெரியும். வருகையாளருக்குப் பக்கங்களை வழங்குபவை அதன் சேய்ச் செயல்முறைகளே.

பலரும் கவனிக்காத இடம் பாதை. ஒரு கோப்பை வாசிக்க அக்கோப்பின் அனுமதி மட்டும் போதாது; அதற்கு மேலுள்ள ஒவ்வொரு கோப்புறையையும் கடந்து செல்லும் அனுமதியும், அதாவது ‘எக்ஸ்’ எழுத்தும், அந்தப் பயனருக்கு இருக்க வேண்டும். படலை பூட்டியிருக்கையில் உள்ளறைக் கதவைத் திறந்து வைத்துப் பயனில்லை. ‘நேம்ஐ’ கட்டளையைச் சிறிய ‘எல்’ தெரிவுடன் கொடுத்தால் பாதை முழுவதும் உரிமையாளருடனும் குழுவுடனும் வரிசையாகத் தெரியும். உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் வீட்டுக் கோப்புறை 750 என்றே, அதாவது ஏனையோருக்கு எந்த அனுமதியும் இன்றி, அமைவதால், அதற்குள் வைத்த தளத்தைச் சேவையகத்தால் எட்ட முடியாது. வீட்டுக் கோப்புறையைத் திறந்துவிடுவதைவிட, தளத்தை ‘வார்’ கோப்புறையின் கீழ் அதற்கென உள்ள இடத்துக்கு மாற்றுவதே நல்லது.

வாசிப்புக்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு அல்லது கடப்பதற்கு 1. உரிமையாளர், குழு, ஏனையோர் என்ற ஒழுங்கில் இவற்றைக் கூட்டி எழுதுகிறோம். பொதுவாகக் கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 போதும். திருவிழாப் படங்களைத் தளத்தினூடாக ஏற்றும் கோப்புறைக்கு மட்டும் சேவையகத்தின் குழுவை அமைத்து 2775 கொடுங்கள். தொடக்கத்திலுள்ள 2, அங்கே புதிதாக உருவாகும் கோப்புகளும் அதே குழுவைப் பெறச் செய்யும்.

நீங்களும் அந்தக் கோப்புறையில் எழுத வேண்டுமானால் ‘யூசர்மோட்’ கட்டளையால் அக்குழுவில் சேருங்கள். பெரிய ‘ஜி’ தெரிவுடன் சிறிய ‘ஏ’ கட்டாயம் வேண்டும். அதை விட்டால், நீங்கள் குறிப்பிடாத மற்றத் துணைக் குழுக்களிலிருந்து நீக்கப்படுவீர்கள். ‘சூடோ’ குழுவும் அவற்றுள் அடங்கும் என்பதால் நிருவாக அதிகாரமே போய்விடலாம். சேர்ந்த பின்பு வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள். ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வுக்குப் புதிய குழு தெரியாது. மாறாக, சேவையகப் பயனரை ஒரு குழுவில் சேர்த்திருந்தால் சேவையகத்தை மறுதொடக்கம் செய்ய வேண்டும்.

இறுதியாக, வேறொரு பயனராகக் கட்டளையை இயக்க உதவும் ‘சூடோ’ கட்டளையால் சேவையகப் பயனராகவே அந்தக் கோப்பை வாசித்துப் பாருங்கள். வாசிக்க முடிந்தும் 403 நீங்காவிட்டால், அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் அந்தக் கோப்புறைக்கு அணுகல் மறுக்கப்பட்டுள்ளதா என்று தேடுங்கள். பெடோராவில், எஸ்ஈலினக்ஸ் என்ற கூடுதல் பாதுகாப்பு அமைப்பு கோப்புக்கு இட்டுள்ள அடையாளத்தையும் பாருங்கள்.