காம்ப்ளிமென்ட் வேலை செய்வதைக் கண்ணால் பார்ப்பது எப்படி

காம்ப்ளிமென்ட் என்பது ரத்தத்தில் இருக்கும், கிருமிகளை அழிக்க உதவும் புரதக் கூட்டம். அந்தப் புரதங்களை சி1, சி4, சி2, சி3 என்று பலகையில் அம்புக்குறி போட்டுக்கொண்டே போனால் பாதி வகுப்பு தூங்கிவிடும். அதனால் எங்கள் லேபில் பாடத்துக்கு முன்னாலேயே செய்முறையை வைத்துவிடுவேன். கிருமிக்குப் பதிலாகச் செம்மறி ஆட்டுச் சிவப்பணு. உடைந்தால் உடனே நிறத்தில் தெரியும்.

ஆட்டு ரத்தத்தைச் சலைனில் மூன்று தடவை கழுவுங்கள். கடைசிக் கழுவலிலும் மேல்நீர் இளஞ்சிவப்பாக இருந்தால் அணுக்கள் தானாகவே உடைகின்றன என்று அர்த்தம். அந்த ரத்தம் உதவாது. கால்சியமும் மக்னீசியமும் உள்ள பஃபரில் 2 சதவீதக் கலவையாக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து ஹீமோலைசின். ஆட்டுச் சிவப்பணுவுக்கு எதிராக முயலில் உண்டாக்கிய ஆன்டிபாடி இது. முதலில் இதை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குங்கள். இல்லாவிட்டால் முயலின் சொந்தக் காம்ப்ளிமென்ட்டே அணுக்களை உடைத்து, நம் சோதனையைக் கெடுத்துவிடும். காம்ப்ளிமென்ட்டுக்குக் கினிப்பன்றியின் புதிய சீரம்தான் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) சரி. எடுத்ததிலிருந்து ஐஸில் இருக்கட்டும்.

நான்கு டியூபிலும் அணுக்கள். முதலாவதில் ஹீமோலைசினும் புதிய சீரமும். இரண்டாவதில் ஹீமோலைசினும் சூடாக்கிய சீரமும். மூன்றாவதில் புதிய சீரம் மட்டும். நான்காவது முதல் டியூப் போலவே, ஆனால் சீரத்தோடு கொஞ்சம் ஈடிடிஏ (கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் வேதிப்பொருள்). 37 டிகிரி வாட்டர் பாத்தில் அரை மணி நேரம் வையுங்கள், நடுவில் லேசாக ஆட்டிவிடுங்கள்.

முதல் டியூபுக்குப் பின்னால் அச்சடித்த தாளைப் பிடியுங்கள். செங்கல் நிறத்தில் கலங்கியிருந்தது இப்போது செர்ரிச் சிவப்பில் தெளிந்து, எழுத்தைப் படிக்க முடியும். மற்ற மூன்றும் கலங்கலாகவே இருக்கும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றினால் அணுக்கள் அடியில் பொத்தானாக உட்காரும்.

இனி பலகைக்கு வரலாம். ஆன்டிபாடி அணுவைப் பிடித்துக்கொள்ளும், தானாக உடைக்காது. இரண்டாவது டியூப் சாட்சி. 1895-ல் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் ஜூல் போர்தே காலராக் கிருமியில் கண்டதும் இதுதான்: சூடாக்கியதும் சீரத்தின் கொல்லும் சக்தி போனது, தடுப்பு ஏற்றாத விலங்கின் புதிய சீரத்தைச் சேர்த்ததும் திரும்பியது. ஒட்டிய ஆன்டிபாடியின் மேல் சி1 உட்காரக் கால்சியம் வேண்டும். ஈடிடிஏ அதைப் பிடுங்கிக்கொள்வதால் நான்காவது டியூப் அசையவில்லை. சி1 தொடங்கினால் சி3 பிளந்து, கடைசியில் சி5 முதல் சி9 வரை சேர்ந்து சவ்வில் ஓட்டை போடும். தண்ணீர் உள்ளே புகுந்து அணு வெடிக்கும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்லுங்கள்: எல்லாக் கிருமியும் இப்படி வெடிக்காது. ஸ்டஃபைலோகாக்கஸ் மாதிரி தடித்த சுவர் உள்ளவற்றிடம் ஓட்டை வேலை பலிக்காது. அங்கே சி3 பிளந்து வரும் துண்டான சி3பி மேலே ஒட்டி, நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு விழுங்க வழி செய்யும். மூளைக்காய்ச்சல் தரும் மெனிங்கோகாக்கஸை அழிக்க ஓட்டைதான் முக்கியம். சி5 முதல் சி9 வரை ஏதாவது குறைந்தவர்களுக்கு அந்தக் கிருமி திரும்பத் திரும்ப வருவது அதனால்தான்.

மிச்சமான சீரத்தை மறுநாளைக்கு என்று ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். மைனஸ் 70 டிகிரி ஃப்ரீசர் இருந்தால் சரி, இல்லையென்றால் ஆட்டோகிளேவுக்கு அனுப்பிவிடுங்கள்.