ஃபாக்ஸ்பி3 தெரிந்தால் டி-ரெக் செல் ஆகிவிடுமா?

2025-இல் மேரி பிரன்கோ, ஃப்ரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி மூவருக்கும் மருத்துவ நோபல் கிடைத்ததிலிருந்து டி-ரெக் (ஒழுங்குபடுத்தும் டி) செல் என்ற பெயர் பலருக்கும் பழகிவிட்டது. டி செல் என்பது வெள்ளணுக்களில் ஒரு வகை; அவற்றில், உடம்பையே தாக்கக் கிளம்பும் நோயெதிர்ப்புச் செல்களை அடக்கி வைப்பவை இவை. கூடவே ஒரு சுருக்கமும் பரவியிருக்கிறது: ஃபாக்ஸ்பி3 புரதம் இருந்தால் அது டி-ரெக். ஆய்வகத்தில் நடக்கும் பாதித் தவறுகளுக்கு இதுதான் மூலம் என்பேன்.

மனிதரின் சாதாரண டி செல்லைத் தூண்டிவிட்டால் அதுவும் கொஞ்ச காலம் ஃபாக்ஸ்பி3 காட்டும். டிஜிஎஃப்-பீட்டா என்ற சமிக்ஞைப் புரதம் சேர்த்து வளர்த்த செல்லும் காட்டும். ஆனால் நிலைக்காது. நிலையான டி-ரெக்கில் ஃபாக்ஸ்பி3 மரபணுவின் முதல் இன்ட்ரானில் (புரதக் குறியீடு இல்லாத இடைப்பகுதியில்) உள்ள சிஎன்எஸ்2 என்ற கட்டுப்பாட்டுப் பகுதியில், டிஎன்ஏ மீது ஒட்டியிருக்கும் மெத்தில் என்ற வேதிக் குறிகள் நீங்கியிருக்கும். சிடிஎல்ஏ4 போன்ற வேறு சில மரபணுக்களிலும் அப்படியே. இந்த மாற்றங்களை ஃபாக்ஸ்பி3 தான் உண்டாக்குகிறது என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் புரதமே செயல்படாத எலிகளிலும் இவை தோன்றுவதை 2012-இல் சகாகுச்சி குழு காட்டியது. டி செல்கள் முதிரும் உறுப்பான தைமஸில், டி செல் ஏற்பிக்குக் கிடைக்கும் தூண்டுதல்தான் இவற்றைத் தொடங்கி வைக்கிறது.

அடுத்தது, மெத்தில் நீங்கினால்தான் மரபணு இயங்கத் தொடங்கும் என்ற எண்ணம். சிஎன்எஸ்2-வை வெட்டி எடுத்த எலியின் தைமஸிலும் டி-ரெக் உருவாகிறது. அப்புறம் செல் பிரியப் பிரிய ஃபாக்ஸ்பி3 நழுவிப் போகிறது. அதாவது சிஎன்எஸ்2-வின் வேலை தொடங்கி வைப்பதல்ல, தக்க வைப்பது. தொடங்கும் கட்டத்தில் சிஎன்எஸ்3, சிஎன்எஸ்0 என்ற வேறு இரு கட்டுப்பாட்டுப் பகுதிகளுக்குத்தான் பங்கு அதிகம்.

தைமஸிலிருந்து எடுத்ததால் எல்லாம் புதிதாகப் பிறந்த செல் என்று நம்புவதும் ஆபத்து. வெளியே சுற்றிவிட்டுத் தைமஸுக்கே திரும்பும் முதிர்ந்த டி-ரெக்குகள் உண்டு. வயதான எலியில் அவை இன்னும் அதிகம். புதியவற்றில் மெத்தில் படிப்படியாகத்தான் நீங்குகிறது. இரண்டையும் கலந்து அளந்தால், பிறக்கும்போதே வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். டி செல் வளரும்போது மட்டும் இயங்கும் ராக் மரபணுவோடு பச்சை ஒளிர்புரதம் இணைத்த எலிகளில் புதிய செல்கள் மட்டும் ஒளிரும். அவற்றை வைத்துப் பிரித்தெடுப்பது நல்லது.

அதிகம் பேர் சறுக்கும் இடம், மெத்தில் நீங்கிய பங்கை வைத்து டி-ரெக் எவ்வளவு என்று பார்க்கும் கணக்கில்தான். ஃபாக்ஸ்பி3 எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் ஒரு எக்ஸ் முடக்கப்பட்டிருக்கும்; அதிலுள்ள சிஎன்எஸ்2 மெத்தில் குறியோடுதான் இருக்கும். ஆகவே பெண் மாதிரி ஒன்றில் மெத்தில் நீங்கிய பங்கு 48% என்று வந்தால், அதை இரண்டால் பெருக்க வேண்டும். 96%, அதாவது கிட்டத்தட்ட எல்லாமே டி-ரெக். இதே 48% ஓர் ஆணிடம் வந்தால் பாதிச் செல்கள் வேறு வகை. இரு பாலரையும் ஒரே பத்தியில் போட்டுச் சராசரி எடுத்த அட்டவணையால் ஒரு பயனும் இல்லை. எலி என்றால் ஆண் எலியையே எடுத்துக்கொள்ளுங்கள், தலைவலி மிச்சம்.

மெத்தில் குறியை அளக்கும் பைசல்ஃபைட் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. டெட் (TET) நொதிகள் மெத்தில் குறியை நீக்கும்போது, அதை முதலில் ஹைட்ராக்ஸிமெத்திலாக மாற்றுகின்றன. பைசல்ஃபைட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றத்தின் நடுவில் இருக்கும் செல்லை அது "மெத்தில் அப்படியே இருக்கிறது" என்று சொல்லிவிடும். வளரும் தைமஸ் செல்களைப் பார்ப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விடக்கூடாது.

சரி, மெத்தில் முழுதாக நீங்கியிருந்தால் தைமஸில் பிறந்த செல் என்று சொல்லிவிடலாமா? அதுவும் கூடாது. உடம்பின் மற்ற இடங்களில் உருவாகும் டி-ரெக்கிலும் அது நீங்கலாம். வளர்ப்புத் தட்டில் வைட்டமின் சி சேர்த்தாலே டெட் நொதிகள் சுறுசுறுப்பாகி, டிஜிஎஃப்-பீட்டாவால் உருவான செல்லிலும் சிஎன்எஸ்2-வில் மெத்தில் நீங்கிப் போகும்.