கென்யாவின் மக்கள்தொகையை ஒரு கிராஃப் தாளில் படிப்பது எப்படி

எங்கள் மலையில் பிள்ளைகளுக்கு முதலில் பழக்கமாகும் ஆப்பிரிக்க நாடு கென்யாதான். பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கினால் டீக்கடையில் யாராவது ஒருவர், "கென்யாவுல விளைச்சல் ஜாஸ்தியாம், அதான் இங்க கேட்பார் இல்ல" என்பார். அந்தப் பெயரைக் கேட்டே வளர்ந்தவர்கள்தான் சனிக்கிழமை சாயங்காலம் கோத்தகிரியில் என்னிடம் குரூப் 4 தேர்வுக்குப் படிக்க வருகிறார்கள். நான் முப்பத்தோரு வருடம் புவியியல் ஆசிரியை. மக்கள்தொகைப் பாடம் வந்தால் இவர்கள் எல்லோரும் ஒரே வரியைத்தான் எழுதுகிறார்கள்: "ஆப்பிரிக்க நாடுகளில் மக்கள்தொகை வேகமாகப் பெருகுகிறது." எவ்வளவு வேகம், கூடுகிறதா குறைகிறதா என்று கேட்டால் பதில் வராது. அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

நைஜர் இன்னும் வேகமாக வளரும் நாடு. ஆனாலும் பழகுவதற்குக் கென்யாதான் வசதி. 1969 முதல் பத்து வருடத்துக்கு ஒரு தடவை தவறாமல் சென்சஸ் எடுத்திருக்கிறார்கள். கோடு போட்டுப் பார்க்க அது போதும்.

ஒரு கிராஃப் தாள், பென்சில், ஸ்கேல், போனில் இருக்கும் கால்குலேட்டர். வேறு ஒன்றும் வேண்டாம். முதலில் தாளின் மேல் ஓரத்தில் மொத்த எண்களை எழுதுங்கள். அவர்கள் மில்லியனில் தருவார்கள். பத்து லட்சம் ஒரு மில்லியன். 47.6 மில்லியன் என்றால் 4 கோடியே 76 லட்சம். இந்த மாற்றத்திலேயே ஒரு சைபர் தவறிப் போகும், மெதுவாகச் செய்யுங்கள்.

1969 – 1 கோடியே 9 லட்சம்
1979 – 1 கோடியே 53 லட்சம்
1989 – 2 கோடியே 14 லட்சம்
1999 – 2 கோடியே 87 லட்சம்
2009 – 3 கோடியே 86 லட்சம்
2019 – 4 கோடியே 76 லட்சம்

அடுத்தது வேகம். இங்கேதான் பாதிப் பேர் சறுக்குவார்கள். போன மாதம் ஒரு பெண் கரும்பலகையில் எழுதினாள்: 1969-க்கும் 1979-க்கும் நடுவில் நூற்றுக்கு 40 கூடியிருக்கிறது, பத்தால் வகுத்தால் வருடத்துக்கு 4 சதவீதம். பார்க்கச் சரி போலத்தான் இருக்கும். நான் அவளிடம் கால்குலேட்டரைக் கொடுத்து, 100-ஐ 1.04 ஆல் பத்துத் தடவை பெருக்கச் சொன்னேன். 148 வந்தது. கென்யாவில் நடந்ததோ 140. "எட்டு எங்கேம்மா அதிகமா வந்துச்சு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "வட்டிக்கு வட்டி, டீச்சர்." அதேதான். இந்த வருடம் பிறந்த பிள்ளையும் அடுத்த வருடக் கணக்கில் தலையாக நிற்கிறது. அதனால் உண்மையான வேகம் 4-ஐவிடக் கம்மி. 1.034 ஆல் பத்துத் தடவை பெருக்கிப் பாருங்கள், 139.7 வரும். ஆக 3.4 சதவீதம். ஃபார்முலா தெரியாவிட்டாலும் இப்படி முன்னும் பின்னும் தட்டிப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

கணக்கு சரியா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு: 70-ஐ வளர்ச்சி விகிதத்தால் வகுத்தால் எத்தனை வருடத்தில் இரட்டிப்பாகும் என்று தெரியும். 70-ஐ 3.4 ஆல் வகுத்தால் 20 வருடத்துக்குக் கொஞ்சம் மேல். மேலே இருக்கும் பட்டியலில் 1969-ஐயும் 1989-ஐயும் பாருங்கள். 1 கோடியே 9 லட்சம், 2 கோடியே 14 லட்சம். பொருந்துகிறதா?

இதே மாதிரி மற்ற பத்தாண்டுகளுக்கும் போட்டால் 3.4, 3.4, 3.0, 3.0, 2.1 என்று வரும். இந்த வரிசைக்குக் கீழேயே இன்னொரு வரிசை எழுதுங்கள், ஒவ்வொரு பத்தாண்டிலும் புதிதாகக் கூடிய தலைகள்: 44 லட்சம், 61 லட்சம், 73 லட்சம், 99 லட்சம், 90 லட்சம். இரண்டு வரிசையையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். வேகம் 3.4-லிருந்து 2.1-க்கு இறங்கிவிட்டது. ஆனால் கூடிய ஆட்கள் முதல் பத்தாண்டைப்போல இரண்டு மடங்கு. "வளர்ச்சி குறைகிறது" என்று ஒருவரும் "மக்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள்" என்று இன்னொருவரும் சண்டை போட்டால் இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். ஒருவர் மேல் வரியைப் படிக்கிறார், மற்றவர் கீழ் வரியைப் படிக்கிறார். இரண்டையும் சேர்த்து எழுதாத பதிலுக்கு என் வகுப்பில் நான் முழு மதிப்பெண் தருவதில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதற்குத் தாய்மார்களின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு பெண் தன் வாழ்நாளில் சராசரியாக எத்தனை பிள்ளை பெறுவாள் என்பதுதான் மொத்தக் கருவள விகிதம். கென்யாவில் 1970-களின் கடைசியில் அது 8-ஐ ஒட்டி இருந்தது. அந்த நேரத்தில் உலகத்திலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. 1989-ல் 6.7, 1998-ல் 4.7. 2003-ல் 4.9 என்று இறங்காமல் நின்றது. 2014-ல் 3.9, 2022-ல் 3.4.

எட்டு எங்கே, மூன்றரைக்கும் கீழே எங்கே! பிறகு ஏன் தலைகள் குறையவில்லை? தாளில் நூறு தாய்மார்களை வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு எட்டு, மொத்தம் 800 பிள்ளைகள். பாதி பெண் குழந்தைகள் என்றால் 400. அதில் 350 பேர் வளர்ந்து தாயாகிறார்கள் என்று வைப்போம். ஆளுக்கு 3.4 என்றால் 1,190 பிள்ளைகள். வீட்டுக்கு வீடு பிள்ளைகள் பாதிக்கும் கீழே போய்விட்டார்கள், ஆனால் ஊரில் தொட்டில்கள் கூடியிருக்கின்றன. தாய்மார்களின் எண்ணிக்கை முன்னமே தீர்மானமாகிவிட்டதுதான் காரணம். இந்தக் கணக்கைக் கையால் ஒரு தடவையாவது போடுங்கள். படித்தால் மறந்துபோகும், போட்டால் மறக்காது.

காரணங்களைப் பற்றி எழுதும்போது "விழிப்புணர்வு" என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் தேசியக் குடும்ப நலத் திட்டத்தை முதலில் கொண்டுவந்தது கென்யாதான், 1967-ல். ஆனால் அடுத்த பத்து வருடத்துக்கும் மேலாக விகிதம் இறங்கவே இல்லை. பெண்கள் பள்ளிக்கூடம் போனது, பிறந்த பிள்ளைகள் பிழைத்தது, கருத்தடைச் சாதனம் கைக்கெட்டியது, மேட்டு நிலங்களில் காணி மகன்களுக்குள் பாகமாகிச் சிறுத்தது, எல்லாம் சேர்ந்த பிறகுதான் இறங்கியது. கடைசிக் காரணத்தை எங்கள் ஊர் சிறு தேயிலை விவசாயிகளிடம் விளக்கவே வேண்டாம். தாத்தாவின் நாலு ஏக்கர் பேரனிடம் எத்தனை சென்டாக வந்து நிற்கிறது என்று அவர்களுக்கே தெரியும்.

நாட்டுக்கு ஒரே எண் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2022 மக்கள்தொகை, சுகாதார ஆய்வில் தலைநகர் நைரோபியில் 2.5, சோமாலியா எல்லையில் இருக்கும் மண்டேராவில் 7.7. சராசரியான 3.4 இந்த இரண்டு ஊரில் எதற்கும் பொருந்தாது.

இனி பிரமிடு, அதாவது எந்த வயதில் எத்தனை பேர் என்று படிபடியாகக் காட்டும் படம். கென்யாவின் தேசியப் புள்ளியியல் நிறுவனம் 2019 சென்சஸ் தொகுதிகளை இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. மூன்றாம் தொகுதியில் வயது, பால் வாரியாக எண்கள் இருக்கும். தாளின் நடுவில் செங்குத்தாகக் கோடு போடுங்கள். இடப்பக்கம் ஆண், வலப்பக்கம் பெண். கீழிருந்து 0–4, 5–9, 10–14 என்று ஐந்தைந்து வயதாக ஏறுங்கள். ஒரு சென்டிமீட்டருக்கு ஐந்து லட்சம் பேர் என்று வைத்தால் தாளுக்குள் அடங்கும்.

வரைந்த பிறகு அடித்தட்டைக் கவனியுங்கள். நூற்றுக்கு 39 பேர் 15 வயதுக்குள். 35-க்குக் கீழே இருப்பவர்கள் நூற்றுக்கு 75. ஆனால் 10–14 படியில் ஏறக்குறைய 63 லட்சம் பேர் இருக்க, 0–4 படியில் 60 லட்சம்தான். பாடப்புத்தகத்தில் இருக்கும் கூர்மையான முக்கோணம் இல்லை இது. அடி லேசாக உள்ளே வாங்கியிருக்கிறது. இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒரு நாட்டின் திருப்பம் தெரிகிறது. ஸ்கேலை ஒழுங்காகப் பிடித்தவர்களுக்கு மட்டுமே அது தெரியும். ஒரு எச்சரிக்கை: கைக்குழந்தைகளைக் கணக்கில் விட்டுவிடுவது பல நாட்டு சென்சஸிலும் நடக்கும். அதனால் இந்த ஒரு படியை மட்டும் நம்பாமல் கருவள விகிதத்தோடு சேர்த்துப் படியுங்கள்.

எண்களைச் சந்தேகிக்கவும் பழக வேண்டும். ஒற்றை வயதாகப் போட்டால் 30, 40, 50 எல்லாம் துருத்திக்கொண்டு நிற்கும், நடுவில் இருப்பவை பள்ளமாக இருக்கும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பாட்டிமார்களைக் கேளுங்கள், எல்லோருக்கும் அறுபது அல்லது எழுபது! ஐந்து வயதுப் படிகளாக வரைவதற்கு அதுவும் ஒரு காரணம். இதைவிடப் பெரிய விஷயமும் கென்யாவில் நடந்தது. 2009 சென்சஸில் வடக்கே எட்டு மாவட்டங்களில் எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்கு எகிறியிருந்தது. பிறப்பு இறப்பைக் கூட்டிக் கழித்தால் அந்த வேகம் வரவே வராது, வயது அமைப்பும் ஒத்துப்போகவில்லை என்று அரசாங்கமே அந்த முடிவுகளை நிறுத்திவைத்தது. வழக்கும் நடந்தது. தலைக்கணக்கை வைத்துத்தான் தொகுதியும் நிதியும் பிரிகிறது, அதனால் கூட்டிச் சொல்ல ஆசை வரும். நீங்கள் போட்ட வளர்ச்சி விகிதம் 4-ஐத் தாண்டினால் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு ஒன்று கணக்கைச் சரிபாருங்கள், இல்லையென்றால் ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தேடுங்கள்.

ஏனென்றால் ஆட்கள் வரவும் செய்வார்கள், போகவும் செய்வார்கள். கென்யாவுக்கு சோமாலியாவிலிருந்தும் தெற்கு சூடானிலிருந்தும் அகதிகள் வந்தார்கள். தடாப், ககுமா முகாம்கள் அப்படி உண்டானவை. எனக்கு இது வெறும் பாடம் இல்லை. 1974-ல் பதினோரு வயதில் தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம் வந்து, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு இந்த மலைக்கு வந்தவள் நான். இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் வந்த குடும்பம். அந்தப் பத்தாண்டின் நீலகிரிக் கணக்கில் எங்கள் வீட்டு ஐந்து பேரும் பிறப்பால் கூடியவர்கள் இல்லை.

இதனால் கடைசி வேலையாக, தாளின் பின்பக்கத்தில் நம் மாவட்டத்தைப் போடச் சொல்வேன். நீலகிரியில் 2001-ல் 7,62,141 பேர். 2011-ல் 7,35,394. பத்து வருடத்தில் நூற்றுக்கு மூன்றரை பேர் குறைந்தார்கள். பிள்ளைகள் கம்மியானதும் உண்டு, வேலை தேடித் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போனதும் உண்டு. முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவில் இருக்கட்டும் என்றால் நம் மாவட்டம் கண்ணுக்கே தெரியாது. அதனால் இரண்டு பக்கத்தையும் தலைக்கணக்கில் போடாமல் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கில் போடுங்கள்.

வட்டிக்கு வட்டி என்று சொன்ன அதே பெண் போன வாரம் இன்னொன்றும் செய்துவந்தாள். அவள் குடியிருக்கும் லைனில் இருபத்துநாலு வீடு. வீடு வீடாகக் கேட்டு ஒரு பிரமிடு வரைந்திருந்தாள். ஐந்து வயதுக்குக் கீழே மூன்று பிள்ளைகள். அறுபதுக்கு மேலே பத்தொன்பது பேர். கென்யாத் தாளை வெளிச்சத்தில் பிடித்து, இதை அதன் மேல் தலைகீழாக வைத்தாள். ஏறக்குறைய பொருந்தியது. இருபத்துநாலு வீட்டை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, தாளின் மூலையில் தேதியையும் யாரிடம் கேட்டாள் என்பதையும் எழுதச் சொன்னேன்.