எச்.எஸ்.டி-யால் வீட்டுச் செலவு கூடியதா, குறைந்ததா: கணக்குப் போடும் முறை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2010 ஜூலை 1 அன்று மாகாணத்தின் 8 சதவீத விற்பனை வரியும் மத்திய அரசின் 5 சதவீத ஜி.எஸ்.டி-யும் சேர்ந்து 13 சதவீத எச்.எஸ்.டி (ஒருங்கிணைந்த விற்பனை வரி) ஆயின. ஐந்தும் எட்டும் பதின்மூன்றுதானே, எங்கே கூடியது என்று ஒரு தரப்பு கேட்கும். மறுதரப்பு பெட்ரோல் ரசீதை நீட்டும். வரி எதன்மேல் விழுகிறது என்பது மாறியதால், ரசீதுகளைப் பிரிக்காமல் இந்த வாதம் முடியாது.

ஓராண்டு வங்கி, கார்டு அறிக்கைகளை எடுத்து மூன்று கட்டாகப் பிரியுங்கள். வரி மாறாத சலுகைப் பொருள்கள் முதல் கட்டு: அடிப்படை மளிகை, மருத்துவர் சீட்டில் வாங்கும் மருந்து, வாடகை ஆகியவற்றுக்கு முன்பும் பின்பும் வரியில்லை, புத்தகம், குழந்தைகளின் உடுப்பு, 4 டாலருக்கு மேற்படாத தயார் உணவு ஆகியவற்றுக்கு 5 சதவீதமே தொடர்ந்தது. இரண்டாம் கட்டில் 5 சதவீதத்திலிருந்து 13-க்குத் தாவியவை: பெட்ரோல், மின்சாரம், வீட்டைச் சூடாக்கும் எரிவாயு, இணையம், முடிதிருத்தம், ஜிம், வக்கீல் கட்டணம், வீட்டுத் தரகு. மூன்றாம் கட்டு முன்பும் 13 சதவீதமாக இருந்தவை: தளபாடம், கணினி, பெரியவர்கள் உடுப்பு.

கூடுதல் சுமை இரண்டாம் கட்டில்தான். இங்கே பலரும் சறுக்குவது, வரி சேர்ந்த தொகையிலேயே 8 சதவீதம் எடுப்பதில். பெட்ரோல் பங்கில் எழுதியிருக்கும் விலை வரி உள்ளடங்கியது. இரண்டாம் கட்டுக்கு மொத்தமாக ஆண்டுக்கு 6,780 டாலர் போயிருந்தால் முதலில் 1.13-ஆல் வகுத்து 6,000 ஆக்க வேண்டும்; அதில் 8 சதவீதம் 480. வகுக்காமல் எடுத்தால் 542 வரும், அந்த 62 டாலர் வெறும் கணக்குப் பிழை. அதேபோல, கையிலிருந்து போகும் தொகை 8 சதவீதம் உயர்ந்தது என்பதும் சரியல்ல. 105 கொடுத்த இடத்தில் 113, உயர்வு 7.6 சதவீதம்.

இனி எதிர்ப்பக்கம். பழைய முறையில் தளபாடக் கடைக்காரர் தன் அலமாரி, கணினி, கல்லாப்பெட்டி எல்லாவற்றுக்கும் மாகாண வரி கட்டினார். அது திரும்ப வராது; பொருளின் விலைக்குள் புதைந்து, அதன்மேல் உங்களிடம் மறுபடி 8 சதவீதம் வாங்கப்பட்டது. எச்.எஸ்.டி-யில் அந்த உள்ளீட்டு வரியை அவர் திரும்பப் பெறுகிறார். அந்த மிச்சத்தை விலையில் குறைத்தாரா என்பதுதான் சண்டையின் உயிர்நாடி.

எவ்வளவு குறைந்தால் சரிக்குச் சரி ஆகும்? மூன்றாம் கட்டு, வரிக்கு முன் 20,000 டாலர் என்று வைப்போம். இரண்டாம் கட்டையும் சேர்த்தால் 26,000. வரியோடு 29,380. கூடுதல் சுமையான 480-ஐ இதால் வகுத்தால் 1.63 சதவீதம். விலைகள் சராசரியாக அவ்வளவு இறங்கியிருந்தால் உங்களுக்கு நட்டமில்லை. குறைந்த வருமானக்காரருக்கு மாகாணம் தரும் விற்பனை வரிக் கிரெடிட் கிடைத்தால், பழைய கிரெடிட்டைவிட அதிகமாக வந்த தொகையை மட்டும் 480-இல் கழியுங்கள். குடும்பத்துக்கு 1,000 டாலர் வரை மூன்று தவணையில் கொடுத்த இடைக்கால உதவித்தொகையை ஆண்டுக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அது ஒருமுறைப் பணம்.

சராசரியை எல்லாவற்றுக்கும் பொருத்தாதீர்கள். 20 டாலர் முடிதிருத்தம் 21.00-இலிருந்து 22.60 ஆயிற்று. பழைய 21-லேயே நிற்க, கடைக்காரர் 18.58-க்கு இறங்க வேண்டும், அதாவது 7 சதவீதத்துக்கும் மேல். அவர் செலவில் பெரும்பங்கு சம்பளமும் வாடகையும். அங்கே புதைந்த வரி சொற்பம், ஆகவே இறங்க வழியில்லை. இயந்திரமும் கருவியும் அதிகம் வாங்கும் தொழில்களில்தான் குறைப்பை எதிர்பார்க்கலாம், அதுவும் போட்டி இருந்தால்.

வாடகையை முதல் கட்டில் வைத்தோம், ஆனால் அது முழுக்கத் தப்பவில்லை. வாடகைக்கு வரி இல்லாததால் வீட்டுக்காரருக்கு உள்ளீட்டுக் கிரெடிட்டும் இல்லை, அதாவது தான் கட்டிய வரியை அவர் திரும்பப் பெற முடியாது. குழாய் பழுது, பனி அள்ளுதல் ஆகியவற்றின் கூலிக்கு அவர் இப்போது 13 சதவீதம் கட்டுகிறார்; அது மெல்ல வாடகையில் ஏறலாம்.

ஒப்பிடும்போது ஆல்பர்ட்டாவை இழுக்காதீர்கள். அங்கே மாகாண விற்பனை வரியே கிடையாது. அது சேர்த்த வரிக்கும் பிரித்த வரிக்கும் இடையிலான ஒப்பீடாகாது. ஜி.எஸ்.டி-யும் மாகாண வரியும் தனித்தனியாக வாங்கும் மனிடோபா பொருத்தமானது. 2010 ஜூனையும் ஜூலையையும் மட்டும் பார்ப்பதும் ஆபத்து, ஏனென்றால் வரிக்கு முன்னால் வாங்கிக் குவிப்பவர்கள் எப்போதும் உண்டு. பெட்ரோல் விலையும் தன்பாட்டுக்கு ஏறி இறங்கும்.

தலைகீழ்ச் சோதனை வேண்டுமென்றால் பிரிட்டிஷ் கொலம்பியா இருக்கிறது. அதே 2010 ஜூலையில் 12 சதவீத எச்.எஸ்.டி கொண்டுவந்து, 2011 வாக்கெடுப்பில் தோற்று, 2013 ஏப்ரல் 1 அன்று பழைய முறைக்கே திரும்பியது. உணவகச் சாப்பாட்டு வரி 12-இலிருந்து மீண்டும் 5 ஆனது. அங்கே உணவக மெனுவில் அச்சிட்ட விலையை மாற்றத்துக்கு ஓராண்டு முன்பும் பின்பும் எடுத்து, மனிடோபா உணவக விலையின் போக்கோடு ஒப்பிட்டால், கிரெடிட்டை இழந்த உணவகம் அந்தச் சுமையை யார் தலையில் வைத்தது என்று ஓரளவு பிடிபடும்.