கௌபர்வுட் நாவல்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கௌபர்வுட் என்ற தரகனின் கதையை அமெரிக்க எழுத்தாளர் தியடோர் டிரைசர் ‘தி ஃபைனான்சியர்’, ‘தி டைட்டன்’, ‘தி ஸ்டோயிக்’ என்று மூன்று பாகமாக எழுதினார். எங்கள் வாசகர் வட்டத்தில் முதல் பாகமான ‘தி ஃபைனான்சியர்’ மறுபடி ஓடிக்கொண்டிருக்கிறது. முதல் சுற்றில் நாங்கள் இடறிய அதே இடங்களில்தான் புதிதாக வந்தவர்களும் இடறுகிறார்கள். பெயர்கள் குழம்புவது, நடுவில் நாலு நாள் விட்டுவிடுவது எல்லாம் எந்தப் பெரிய நாவலுக்கும் உள்ளதுதான், அதை விடுங்கள். இந்த நாவல்களையே கெடுத்துவிடும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

## இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்குவது

‘தி டைட்டன்’ (1914) தனியாகவும் படிக்கலாம் என்பார்கள். கேட்காதீர்கள். 1912-இல் வந்த முதல் பாகத்தைப் படிக்காதவருக்கு, கௌபர்வுட்டின் காதலி ஐலீன் யாரென்றே பிடிபடாது.

## பணக்கணக்கு வரும் பக்கங்களைத் தாண்டிப் போவது

இன்றும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். காதல் எங்கே, அரசியல் எங்கே என்று தேடித் தேடிப் படிக்கிறார்கள். கடன் பத்திரம், அடமானம் என்று வந்ததும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். போன கூட்டத்தில் ஒருவர், “கௌபர்வுட் திருடினானா இல்லையா என்று கடைசிவரை சொல்லவே இல்லையே” என்று குறைப்பட்டுக்கொண்டார். அதற்கான விவரம் அத்தனையும் அவர் தாண்டிப் போன பக்கங்களில்தான் இருக்கிறது.

கதை நடப்பது பிலடெல்பியாவில். நகரத்தின் கருவூலர் ஸ்டீனர், ஊர்ப் பணத்தைக் குறைந்த வட்டிக்குத் தரகன் கௌபர்வுட்டிடம் கொடுக்கிறார். அவன் அதை வைத்துச் சொந்த வியாபாரம் செய்கிறான், லாபத்தில் ஸ்டீனருக்கும் பங்கு. அவருக்கு முன்னால் பதவியில் இருந்தவர்களும் ஊர்ப் பணத்தை இப்படிச் சுற்றவிட்டவர்கள்தான். 1871 அக்டோபரில் சிகாகோ தீப்பற்றி எரிகிறது, சந்தை சரிகிறது. அப்போது கௌபர்வுட்டிடம் இருக்கும் ஊர்ப் பணம் 5 லட்சம் டாலர். இன்னும் கொடுங்கள் என்று போய் நிற்கிறான்; பயந்துபோன ஸ்டீனர் மாட்டேன் என்கிறார். வெளியே வரும் வழியில் அங்கிருக்கும் குமாஸ்தாவிடம், நகரத்துக்காக வாங்கிய கடன் பத்திரங்களுக்கு என்று சொல்லி 60,000 டாலருக்கு ஒரு செக் வாங்கிக்கொண்டு போய்விடுகிறான்.

பத்திரங்களை அவன் வாங்கியது உண்மை. ஆனால் அவை நகரத்தின் கடனை அடைக்க ஒதுக்கும் நிதியில் போய்ச் சேரவில்லை, அவன் பெயரில் வங்கியில் அடமானமாக இருக்கின்றன. மாதக் கடைசியில் கணக்கை நேர் செய்துகொள்வது அங்கே நடைமுறை. சரி, இது வழக்கமா, மோசடியா? நீதிமன்றக் காட்சி முழுக்க இந்த ஒரு செக்கைச் சுற்றித்தான் ஓடுகிறது.

இதே நாட்களில்தான் பட்லருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வருகிறது. குப்பை அள்ளும் ஒப்பந்தத்தில் தொடங்கிக் கட்சியின் பெரிய கையாக வளர்ந்தவர் அவர், அதுவரை கௌபர்வுட்டைக் காப்பாற்றும் பக்கம் இருந்தவர். மகள் ஐலீன், மனைவியும் பிள்ளைகளும் உள்ள கௌபர்வுட்டோடு ரகசியமாகப் பழகுகிறாள் என்கிறது கடிதம். உடனே பட்லர் அவனிடம் போட்டிருந்த தன் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார், அவனைச் சிறைக்கு அனுப்பத் துடிப்பவர்களோடு சேர்ந்துகொள்கிறார். தேர்தல் நெருங்கும் நேரம், பழியைப் போட கட்சிக்கும் ஓர் ஆள் வேண்டும். செக் பக்கங்களைத் தாண்டியவருக்கு, ஓர் அப்பாவின் ஆத்திரம் நிரபராதியை உள்ளே தள்ளிவிட்டதாகத் தோன்றும். காதல் பக்கங்களை மட்டும் விட்டவருக்கு, ஒரு திருடன் அகப்பட்டான், அவ்வளவுதான் கதை. ஒரு தாளில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று குறித்துக்கொண்டே படியுங்கள், போதும்.

‘தி டைட்டன்’ நாவலிலும் இப்படித்தான். சிகாகோவில் ஆற்றுப் பாலம் திறந்து மூடும்வரை டிராம்கள் வரிசையாகக் காத்து நிற்கின்றன. பக்கத்திலேயே, ஆற்றுக்கு அடியில், யாரும் சீந்தாத பழைய சுரங்கப்பாதை ஒன்று கிடக்கிறது. அது கௌபர்வுட் கண்ணில் படும் இடத்தைத் தாண்டியவர், அந்த நகரத்தின் போக்குவரத்து அவன் கைக்கு எப்படிப் போனது என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே இருப்பார்.

## நிஜ மனிதரை வைத்து நாவலைத் திருத்துவது

கௌபர்வுட்டுக்கு மூலம் சார்லஸ் டைசன் யெர்க்ஸ் என்ற டிராம் முதலாளி. அவர் சிறையில் இருந்தது சுமார் 7 மாதம், நாவலில் 13 மாதம். டிராம் முதலாளிகளுக்கு ஏகபோகம் தரும் மசோதாக்களை 1895-இல் தடுத்த இலினாய் மாநில ஆளுநர் ஆல்ட்கெல்ட், நாவலில் ஸ்வான்சன் ஆகிறார். இதையெல்லாம் தெரிந்துகொள்வது நல்லது, ஆனால் படித்து முடித்தபின். முன்பே தேடிப் பார்ப்பவர்கள் பக்கத்துக்குப் பக்கம் ஒப்பிட்டுக்கொண்டு, ஏன் மாற்றினார் என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள்.

## பதிப்பைப் பார்க்காமல் வாங்குவது

‘தி ஃபைனான்சியர்’ நாவலை டிரைசரே வெட்டிச் சுருக்கி 1927-இல் மறுபடி வெளியிட்டார். கையில் இருப்பது எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

## ஐலீனைப் பொறாமைக்காரி என்று ஒதுக்குவது

‘தி டைட்டன்’ நாவலில், கௌபர்வுட்டோடு பழகும் ரீட்டா சோல்பெர்க்கை அவள் அடித்துத் துவைக்கும் காட்சியை வைத்தே பலரும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள், எனக்கு அது பொறுப்பதில்லை. அவனுக்காக அப்பாவை எதிர்த்தவள், சிறைக்குப் போய்ப் பார்த்தவள், அவன் வெளியே வரும்வரை காத்திருந்தவள். பட்லர் இறந்தபின்தான் அவனுக்குத் தண்டனையிலிருந்து மன்னிப்பே கிடைக்கிறது. அப்புறம் சிகாகோவின் பெரிய வீடுகள் அவளைச் சேர்த்துக்கொள்ள மறுக்கும்போது, அவன் அடுத்தடுத்த பெண்களிடம் போய்க்கொண்டிருக்கிறான். முதல் பாகத்தின் சிறைக் காட்சிகளை ஒருமுறை திரும்பப் படித்துவிட்டு அந்த அடிதடிக்கு வாருங்கள், வேறு மாதிரி தெரியும்.

## ‘தி ஸ்டோயிக்’ நாவலிடம் அதே வேகத்தை எதிர்பார்ப்பது

டிரைசர் 1945-இல் இறந்தார், நாவல் 1947-இல் வந்தது. முழுதாக முடிக்கப்படாத நூல் என்று தெரிந்தே எடுங்கள்.