ரத்தம் வரலையே என்று விட்டுவிடாதீர்கள்

பாம்பன், மண்டபம் பக்கம் விசைப்படகில் வலை இழுக்கும் வின்ச் கயிறு தெறித்து ஒருவர் தலையில் அடித்தால், “ரத்தம் வரலையே, அப்ப ஒண்ணுமில்ல” என்பார்கள். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே நரம்பு செல்கள் அடிபட்டிருக்கலாம்.

மூளைக்கென்றே மைக்ரோகிளியா என்ற நோய் எதிர்ப்பு செல்கள் உண்டு. 1919-இல் ஸ்பெயினைச் சேர்ந்த ரியோ ஓர்தேகா இவற்றைத் தனி இனமாகப் பிரித்துக் காட்டினார். காயம் படும்வரை இவை சும்மா கிடக்கும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 2005-இல் உயிருள்ள எலியின் மூளையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, ஓய்வில்லாமல் மெல்லிய கைகளை நீட்டி மடக்கித் துழாவிக்கொண்டிருந்தன. லேசரால் ஒரு புள்ளியைச் சுட்டதும், சில நிமிடங்களில் அக்கம்பக்கத்துக் கைகளெல்லாம் அந்த இடத்தைச் சூழ்ந்துவிட்டன. உடைந்த செல்லிலிருந்து கசியும் ஏடிபி என்ற வேதிப்பொருள்தான் அவற்றை இழுக்கிறது.

சரி, வந்து என்ன செய்கின்றன? செத்ததை விழுங்குவதோடு வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். எலியின் முகநரம்பை மூளைக்கு வெளியே வெட்டினாலும், மூளைத்தண்டில் அந்த நரம்பின் தாய் செல்லை இவை சுற்றிக்கொள்கின்றன. அந்த செல்லோ பெரும்பாலும் பிழைத்து, நரம்பைத் திரும்ப வளர்க்கிறது. அதே மைக்ரோகிளியா அடங்காமல் நாட்கணக்கில் அழற்சிப் பொருட்களை, அதாவது வீக்கத்தைத் தூண்டும் வேதிப்பொருட்களை, கொட்டினால் நல்ல செல்களும் கெடும். நல்லவையா கெட்டவையா என்று கேட்பதே சரியில்லை. எந்த நேரத்தில், எவ்வளவு என்பதுதான் விஷயம்.

அழற்சியை அடக்கினால் போதும் என்ற எண்ணம் மருத்துவர்களுக்கும் இருந்தது. தலையில் அடிபட்டவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்த கிராஷ் ஆய்வில் சுமார் 10,000 பேர் சேர்ந்தார்கள். 2004-இல் முடிவு வந்தது: இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் ஸ்டீராய்டு பெற்றவர்களில் 21.1 சதவீதம், பெறாதவர்களில் 17.9. ஏன் என்பதற்கு ஒற்றை வரிப் பதில் இல்லை. ஆனால், மருந்துக்கடையில் “வீக்கத்துக்கு ஒரு மாத்திரை” என்று நீங்களாகக் கேட்டு வாங்காமலிருக்க இது போதாதா? ஆஸ்பிரினும் கூடாது, உள்ளே கசிவு இருந்தால் கூடிவிடும்.

அப்புறம், இந்தக் கரையில் அதிகம் நடப்பது: அடிபட்டவர் உளறினாலோ, எழுப்பினால் எழாமல் கிடந்தாலோ, “போதையில் தூங்குறான், விடு” என்பது. குடித்திருந்தாலும் சரி, அடிபட்டபின் திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, அசாதாரணத் தூக்கம், ஒரு பக்கக் கண்மணி பெரிதாவது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். நன்றாக இருக்கிறார் என்று தோன்றினாலும் மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை கடலுக்கு அனுப்பாதீர்கள். நடுக்கடலில் மயங்கினால், கரை வந்து சேரவே பல மணி நேரம் ஆகும்.