உங்கள் வைஃபையில் எந்தெந்தக் கருவிகள் இருக்கின்றன? என்மேப் காட்டும்

என்மேப் என்பது நெட்வொர்க்கில் இருக்கும் கருவிகளைத் தேடிக் காட்டும் மென்பொருள். முதலில் லினக்ஸ் டெர்மினலில் 'ஐபி ஏ' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள். 192.168.1.23/24 போல உங்கள் கணினியின் முகவரி வரும். /24 என்றால் மொத்தம் 256 முகவரிகள்.

அடுத்து, கடைசி எண்ணை 0 ஆக்கி, இதையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கள்: 'சூடோ என்மேப் -எஸ்என் 192.168.1.0/24'. இது போர்ட்டுகளை (கருவியின் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள எண் வாசல்கள்) ஸ்கேன் செய்யாது, இணைப்பில் இருக்கும் கருவிகளை மட்டும் காட்டும். சூடோவை (நிர்வாகி அனுமதியோடு ஓட்டும் சொல்) விட்டுவிடாதீர்கள். அது இருந்தால்தான் என்மேப் ஏஆர்பி வழியாக, அதாவது 'இந்த ஐபி முகவரி யாருடையது?' என்று உள் நெட்வொர்க்கில் கேட்கும் முறையில், கேட்கும். பிங்குக்கு ('இருக்கிறாயா?' என்று கேட்கும் செய்தி) வாய் திறக்காத விண்டோஸ் கணினிகூட ஏஆர்பிக்குப் பதில் சொல்லிவிடும். சூடோ இல்லாவிட்டால் 80, 443 போர்ட்டுகளை மட்டும் தட்டிப் பார்க்கும். பல கருவிகள் தப்பிவிடும், மேக் முகவரியும் (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) வராது.

தயாரிப்பாளர் பெயர் இல்லாத மேக் முகவரியைக் கண்டு பதற வேண்டாம். அதன் இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ, இ இவற்றில் ஒன்றா? பெரும்பாலும் ஃபோன் தானே போட்டுக்கொண்ட ரேண்டம் முகவரிதான்.

ரூட்டர் மட்டும் தெரிந்தால், கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபை, பல நேரம் மற்ற கருவிகளை மறைக்கும்) இருக்கிறீர்களா என்று பாருங்கள். தூங்கும் ஃபோன்களுக்காக இன்னொரு முறை ஓட்டுங்கள்.

சந்தேகப்படும் கருவி உங்களுடையதுதான், அதன் முகவரி 192.168.1.40 என்று வைத்துக்கொள்வோம். 'சூடோ என்மேப் -எஸ்வி 192.168.1.40' கொடுங்கள், எஸ் சின்ன எழுத்து, வி பெரிய எழுத்து. வழக்கமான 1000 போர்ட்டுகளைப் பார்க்கும். 23 திறந்திருந்தால் அது பெரும்பாலும் டெல்நெட், அதாவது தொலைவிலிருந்து கருவிக்குள் நுழையும் பழைய வழி. அதில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமல் போகும், டெல்நெட்டை உடனே அணைத்துவிடுங்கள்.